ரப்பர் பாலின் முதல் மேடை

“ஒரு இடத்துல இரி அண்ணா! நீ நடக்கதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது” என்றாள் லீமா, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எட்சன் இருந்தால்தானே! மேடைக்குப் பின்னால் குட்டி போட்ட பூனை மாதிரி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். கையிலிருந்த சாயா ஆறி ஆடை கட்டிவிட்டது.

“ஒனக்கு எதுக்கு இந்த வெப்ராளம்? ஒனக்க குரலு கேட்டா பொம்பளையளு அடுப்ப அணச்சிட்டு வாசலுக்கு ஓடி வாறாவ. பஸ்ஸே நிக்குது.”

“அது வேற, இது வேற, பிள்ளே.”

வேறதான். ‘ரப்பர் பால்’ என்ற பெயரில் அவன் எழுதிப் பாடி, தங்கை லீமா தாளம் சேர்த்த ராப் பாட்டுகளை மலேசியாவிலும் துபாயிலும் உட்கார்ந்து இணையத்தில் கேட்கிறார்கள். இதயமாக அனுப்பித் தள்ளுகிறார்கள். சொந்த ஊரான குலசேகரத்தில் மட்டும் ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை. அந்த ஆதங்கம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

இதயங்கள் சோறு போடுமா? ஜேசுதாஸின் மைக் செட் கட்டிய ஆட்டோவில் ஊர் ஊராகப் போய் அறிவிப்புச் சொல்வதுதான் அவனுக்குப் பிழைப்பு. எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

கத்தாரில் இருக்கும் மாமா விசா எடுத்து வைத்திருக்கிறார். “ஊரு கேட்டா பாட்டு, கேக்கலன்னா விசா” என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். ஊர் கிளப்பின் ஆண்டு விழாவில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பத்து நிமிடம்தான் இன்று அவனுக்கு எல்லாம்.

கிளப் செயலாளர் வைகுண்டராஜன் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார். “அடுத்தது நீதான். ஆனா ஒண்ணு, ஆளுவ எழும்பிப் போச்சுன்னா நான் மைக்க அணச்சிருவேன் கேட்டியா!”

எட்சன் ஆறிய சாயாவை ஒரே மடக்காகக் குடித்தான். அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. ஜேசுதாஸ்.

“மக்கா, அருமனைக்கு ஒண்ணு வந்திருக்கு. ஒடனே வாறியா?”

“இன்னைக்கு மட்டும் விட்டிருங்க அண்ணே. எனக்கு மேடை இருக்கு.”

“நீ பேசுனாத்தான் கூட்டம் வரும்னு வீட்டுக்காரங்க ஒத்தக் கால்ல நிக்காவ மக்கா!”

“வேற ஆளப் பாருங்க” என்று வைத்துவிட்டான்.

“சவத்த விட்டுத் தள்ளு. போ, ஒனக்க பேரு விளிக்காவ” என்று லீமா முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

மேடையேறிப் பார்த்தால் ஒருத்தர்கூட அவனைப் பார்க்கவில்லை. சிலர் செல்போனில், சிலர் பஜ்ஜிக் கடையில். மற்றவர்கள் வடம் இழுப்புப் போட்டி எப்போது என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வைகுண்டராஜன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைக் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

முதல் நாலு வரியைத் தாளம் இல்லாமல் நிறுத்தி நிதானமாகச் சொல்வது எட்சன் பாணி. மைக்கைப் பிடித்தான். ரோடு நெடுகக் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களில் அவன் குரல் புறப்பட்டது.

“குலசேகரம், திருவட்டாறு, அருமனை, களியல்...
எல்லா ஊருக்கும் ஒரு சேதி இருக்கு!
வெட்டுன மரத்துல பாலு வடியுது,
வெட்டுனவன் வீட்டுல பூட்டு தொங்குது!”

மைதானம் கப்சிப். பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை ஒவ்வொருவராக அவிழ்த்து இறக்கிவிட்டு எழுந்து நின்றார்கள்.

எட்சனுக்குப் புல்லரித்தது. வைகுண்டராஜன்கூடத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ரோட்டில் போன பைக்குகள் ஓரம் கட்டின. எதிரே பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்தார். அடேயப்பா, கடையை அடைத்துவிட்டு ஒருத்தர் ராப் கேட்க வருகிறாரா!

தாளத்தைப் போடச் சொல்லி லீமாவுக்குக் கை காட்டக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. இனிக் கத்தாராவது மண்ணாவது! இன்றே மாமாவிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு நேசம்மாள் மாமி மேடையடிக்கு வந்தார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது.

“பஸ்ஸ விட்டு எறங்கும்பம் ஒனக்க குரலு கேட்டுது மக்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

எட்சன் மேடை விளிம்பில் குந்தி உட்கார்ந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். “அழாதீங்க மாமி. அவ்வளவு பிடிச்சிருக்கா?”

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

“மரிச்சது யாரு மக்கா? அடக்கம் எப்பம்?”