படத்துக்குப் பொருந்தும் கார்

ஃபாகர்நெஸ் ஊரின் பழைய கார்க் கடை முற்றத்தில், மூன்று மணிக்கே சாய்ந்துவிட்ட வெயில் பனிமேல் மஞ்சளாகக் கிடக்கிறது. குன்வோர் எந்த மின்சாரக் காரின் கதவையும் தொடவில்லை. சார்ஜ் மூடியைத் திறக்கிறாள், கைபேசிப் படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறாள், மூடுகிறாள். மலைக்கு அந்தப் பக்கம், லார்டால் படகுத்துறையில் இருக்கும் ஒரே சார்ஜ் கம்பத்தின் முனை அந்தப் படத்தில் இருக்கிறது. மேலே ஒரு வட்டம், கீழே இரண்டு தடித்த துளைகள். அங்கிருந்து அனுப்பியவன் ஆஸ்லாக். இரண்டு வருஷமாக அவளுக்கு அவன் கைபேசியில் வெறும் குரல். சிவப்புக் கார்மேல் அவளுக்கு ஆசை. ஆனால் அதன் மூடிக்குள் இருப்பது ஒரே பெரிய வட்டம். “இதுக்கு அடாப்டர் உண்டாமே, டிரிக்வே?” கடைக்காரன் அவளோடு பள்ளியில் படித்தவன். “உண்டு. செங்கல் கனம். ஒருநாள் ஏறும், ஒருநாள் மூஞ்சியைத் திருப்பிக்கும். அங்கேயே மாட்டிக்கிட்டா நீ என்ன அழவா போறே?” “வாயை மூடு!” அவள் காது சிவக்கிறது. வெள்ளைக் காரின் மூடியைத் திறக்கிறாள். அச்சாகப் பொருந்துகிறது. இத்தனை நாளும் முனையை மட்டுமே பெரிதாக்கிப் பார்த்தவள், இப்போதுதான் முழுப் படத்தையும் பார்க்கிறாள். முழங்கால் உயரப் பனி. கம்பத்தின் அடியில் மட்டும், ஒரு கார் நிற்கிற அளவுக்குச் சுத்தமாக வழித்துவைத்த கருப்புத் தரை. ஆஸ்லாக்கிடம் கார் கிடையாது. “டிரிக்வே,” என்கிறாள், குரல் இறங்கி. “இதை முழுசா சார்ஜ் போட்டு வை.”