எட்டுக் குச்சிகள்

“மண்ணின் நோயை மருந்து தீர்க்காது, மலர்தான் தீர்க்கும். இந்த உண்மையை உலகுக்கு நிரூபித்தவன் என்று வரலாறு என்னைக் குறித்துக்கொள்ளட்டும்.”

மண் சீரமைப்புத் திட்டத்தின் இயக்குநர் இப்படி முழங்கியபோது வரலாறு அங்கே வந்திருக்கவில்லை. வந்திருந்தது இரண்டே பேர். எதிர் நாற்காலியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. வாசல்படியில் மண்வெட்டியோடு தோட்டக்காரர்.

“நாளைக்கு விழாவுல பேசப்போறது. எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார். கணக்குதான் இடிக்குது” என்றார் தலைமையாசிரியை.

ஜன்னலுக்கு வெளியே மூன்று ஏக்கரில் சூரியகாந்தி. ஒரு காலத்தில் அங்கே பேட்டரித் தொழிற்சாலை இருந்தது. மூடிவிட்டுப் போனவர்கள் இயந்திரங்களைப் பத்திரமாக எடுத்துப்போனார்கள். ஈயத்தை மட்டும் பெருந்தன்மையோடு மண்ணிலேயே விட்டுப்போனார்கள். செடி வேர்வழியாக ஈயத்தை உறிஞ்சும், செடியை அறுத்து அப்புறப்படுத்தினால் மண் மெல்ல மெல்லச் சுத்தமாகும் என்பது திட்டம். இப்போது தலைமையாசிரியை ஒரு கையெழுத்துப் போட்டால், விழா முடிந்து செடிகளை அறுத்ததும் நானூறு பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மைதானம்.

ஆனால் அவர் இருபது வருடம் கணக்கு எடுத்தவர். விடை சரியாக இருந்தாலும் வழி காட்டாத பிள்ளைக்கு மதிப்பெண் தராதவர்.

இயக்குநர் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினார். “இதோ பாருங்கம்மா. நடவுக்கு முன்னாடி ஒரு கிலோ மண்ணுல ஈயம் தொள்ளாயிரம் மில்லிகிராம். மூணே மாசத்துல இருபது. அப்புறம் இந்த மூணு வருஷத்துல பத்து தடவை சோதிச்சாச்சு, இருபதைத் தாண்டலை. கேட்டவனெல்லாம் வாயைப் பொளந்துட்டான்.”

“மண்ணை எங்கேர்ந்து எடுப்பீங்க?”

“எட்டுக் குச்சி நட்டிருக்கோம். சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே குச்சிக்கடியில, அதே முழங்கை ஆழத்துல. ஒரு விரற்கடை தள்ளி எடுக்க விடமாட்டேன். விஞ்ஞானம்னா ஒழுக்கம்மா.” குரலைத் தாழ்த்தினார். “போன தடவை மண்புழுவே நெளிஞ்சுது. செத்த மண்ணுக்கு உயிர் வந்துடுச்சு.”

தோட்டக்காரர் தொண்டையைச் செருமினார். “ஐயா, அந்தக் குச்சிங்க விஷயமாத்தான்…”

“உன் வேலை வெட்டறது. பேசறது என் வேலை.”

தோட்டக்காரர் வாசலை விட்டு நகரவில்லை.

தலைமையாசிரியை இன்னொரு தாளை எடுத்தார். “இது போன மாசம் அறுத்த செடியோட அறிக்கை. இலை முழுக்க ஈயம். மூணு வருஷமா மண்ணுல இல்லாத ஈயம் இலைக்கு எங்கேர்ந்து சார் வந்துச்சு?”

“அதுதாம்மா செடியோட மகிமை. இல்லாததைக்கூட இழுத்துடும்.”

“இல்லாததை இழுக்க அது என்ன செடியா, வரி அதிகாரியா?”

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். “கல்வெட்டுல என் பேரைக்கூட வெட்டியாச்சும்மா.”

“பரவாயில்லை சார், பூசி மறைச்சிடலாம்.”

“நீங்க போடலைன்னா உங்க மேலதிகாரி போடுவாரு.”

“போடட்டும். அவர் பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து முதல்ல உருள விடட்டும். என் பிள்ளைங்க விழுந்தா மண்ணைத் துப்பாதுங்க, முழுங்கும். இந்த நிலத்துல கை வச்ச ஒவ்வொருத்தரையும் கேட்டு முடிக்காம இந்தப் பேனா திறக்காது.” நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். “அண்ணே, குச்சியைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே?”

தோட்டக்காரர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேற்கூரையைப் பார்த்தார்.

“பெரிசா ஒண்ணுமில்லைம்மா. இனிமே என் வீட்டுல மண்ணு இல்லை. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் காலையிலேர்ந்து நிக்கிறேன்.”

“எந்த மண்ணு?”

“நடவு விழா அன்னிக்கு, மண்ணெடுத்த குழியில சிறப்பு விருந்தினர் காலை விட்டு விழுந்துட்டாரும்மா. இனி ஒரு குழிகூடக் கண்ணுல படக்கூடாது, அன்னன்னிக்கே மூடிடணும்னு ஐயா சொல்லிட்டாரு. இங்கே இருக்கிற மண்ணைத் தொடவும் கூடாதாம், விஷமாம். அதான் ஒவ்வொரு தடவையும் எட்டுக் குழிக்கும் வீட்டுலேர்ந்து சைக்கிள்ல சுமந்துட்டு வந்து நிரப்பறேன். ரோஜாப் பாத்தி கிணறு மாதிரி ஆயிடுச்சு. வீட்டுல சண்டை.”

தலைமையாசிரியை பேனாவைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

முதல் பரிசோதனை நீங்கலாக மற்ற பதினொன்றும், தோட்டக்காரர் வீட்டு ரோஜாப் பாத்தி மண்ணுக்குச் செய்யப்பட்டவை. அந்த மண்ணுக்கு எந்த நோயும் இருந்ததில்லை.