நிற்காமல் ஏறிய மேடு

கெரன் ஊரிலிருந்து மலைமேல் இருக்கும் அஸ்மாரா நகருக்கு ஏறும் சைக்கிள் குழுவில் கடைசி ஆளாக மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தாள் ஐம்பத்தெட்டு வயது லெம்லெம். வழிகாட்டி ஹப்தோம் பக்கத்தில் வந்தான்.

"அம்மா, பேசாம பின்னால வர்ற வேன்ல ஏறிடுங்க."

"மாட்டேன். கல்யாணமான புதுசுல இதே மேட்டுல ஒரு தடவைகூட நிக்காம சைக்கிள்ல வந்தவ நான். இன்னிக்கும் இறங்க மாட்டேன்."

"அப்போ இப்ப ஏன் இப்படி இரைக்குது?"

அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள். உச்சியைத் தொட்டதும் சாலையோரம் உட்கார்ந்து அழுதாள்.

"அதான் ஏறிட்டீங்களே, எதுக்கு அழறீங்க?"

"அன்னிக்கு மிதிச்சது அவரு, தம்பி. நான் முன்னால பார்ல உட்கார்ந்து பாடிக்கிட்டே வந்தேன். 'கனமா இருக்கேனா?'ன்னு கேட்டா, 'பஞ்சு மாதிரி இருக்கே'ன்னார். சாகிற வரைக்கும் அது பொய்யின்னு ஒத்துக்கவே இல்லையே அந்த மனுஷன்!"