வகுளா தேவி சொன்ன முடிவு

பிரபல நாவலாசிரியை வகுளா தேவி மீசையைத் தடவிக்கொண்டார். "அந்தச் சீதம்மா இன்னைக்கும் வந்திருக்காளா?"

"வந்து முன்னறையில உக்காந்திருக்கா. முடிவு தெரியாம எழுந்திருக்க மாட்டாளாம்," என்றாள் திலோத்தமா, நடுக்கதவைச் சாத்திக்கொண்டே.

வகுளா தேவியின் சொந்தப் பெயர் கோடேஸ்வர ராவ். எழுபதுகளில் பெஜவாடா என்கிற விஜயவாடாவில் பெண் பெயர் போட்ட தொடர்கதைதான் போணியாகும். ஆண் பெயர் போட்டால் கடைக்காரன் பத்திரிகையைக் கிழித்து வேர்க்கடலை மடிப்பான். வாரப் பத்திரிகை முதலாளி குப்தா, சரக்குக்குத் தகுந்த லேபிள் ஒட்டத் தெரிந்த மனிதர். பெயரை அவரே வைத்தார். முகத்துக்கு, தெனாலி நாடகக் கம்பெனியில் சகுந்தலை வேஷம் கட்டி ஓய்ந்திருந்த திலோத்தமாவைப் பிடித்துவந்தார்.

கவர்னர்பேட்டையில் ஒரு மாடி வீட்டையும் அமர்த்திக்கொடுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விஷயம் கட்டின பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது. அங்கே தெரிந்தால் மறுநாள் குழாயடிக்குத் தெரியும், அதற்கு மறுநாள் வியாபாரம் படுத்துவிடும். ராவ் அந்த வாக்கைக் காப்பாற்றினார். மனைவி அன்னபூர்ணாவுக்குத் தெரிந்தவரை அவர் மொத்தத் துணிக்கடைக் குமாஸ்தா. அவளும் கேள்வி கேட்கிற ரகமில்லை.

லேபிள் பிய்த்துக்கொண்டு போயிற்று. கிருஷ்ணா ஜில்லாவில் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் வகுளா தேவியின் கதாநாயகிகள் பெயர்தான். ஒரு தொடர் முடிந்து அடுத்தது தொடங்கினால் தொட்டிலில் பெயரும் மாறும். கதையில் கல்யாணம் வந்தால் பத்திரிகை ஆபீசுக்கு நிஜமாகவே புடவையும் வளையலும் வந்து சேரும்.

வெள்ளிக்கிழமை மதியம் வாசகிகள் மஞ்சள் குங்குமத்தோடு மாடியேறி வந்து திலோத்தமாவிடம் மனக்குறையைக் கொட்டுவார்கள். அவள் உள்ளே வந்து ஒப்பிப்பாள். ராவ் அதைக் கதையாக்குவார்; அழுகிறவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்பதையும் அவரே தணிந்த குரலில் சொல்லிக்கொடுத்து அனுப்புவார். கொள்முதலும் விற்பனையும் ஒரே வாசலில்.

இப்போது ஓடும் தொடரே அந்தச் சீதம்மாவின் கதைதான். சீதம்மா என்பது பொய்ப் பெயர் என்று திலோத்தமா முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் புருஷன் பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவானாம், வந்தாலும் வாயைத் திறக்கமாட்டானாம். தூக்கத்தில் மட்டும் எவளோ ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அழாதே அழாதே என்று கொஞ்சுவானாம். அதிலும் ஒரே பெயர் கிடையாது, சில மாதத்துக்கு ஒரு பெயர்.

"குடுத்து வச்சவன்," என்று ராவ் அன்று சிரித்திருந்தார்.

தொடரில் போன வாரம் கதாநாயகி அரளி விதையை அரைத்துக் கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையலில் கலந்துவிட்டாள். அந்தப் புளிப்பில் எந்தக் கசப்பும் தெரியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். புருஷனுக்கு இலை போட்டாளா, துவையலைச் சாக்கடையில் கொட்டினாளா என்பதுதான் கடைசி அத்தியாயம். ஊரெல்லாம் அதே பேச்சு.

"ராவ்காரு, அந்தத் துவையலைக் கொட்டிடற மாதிரி எழுதுங்க," என்றாள் திலோத்தமா. "அவ கதைக்காகக் கேக்கலை. நான் மேடையில வளர்ந்தவ. நிஜமா அழறவ யாரு, சும்மா அழறவ யாருன்னு எனக்குத் தெரியும். இவ இன்னைக்கு அழவே இல்லை."

ராவ் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார். கொட்டிவிட்டால் அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டார். புருஷன் திருந்திக் காலில் விழட்டும் என்றாள் அவள்.

"கால்ல விழற புருஷன் வீட்டுக்கு வீடு இருக்கான். அதைக் காசு குடுத்து எவ வாங்குவா?"

"அங்க நிஜமாவே ஒரு மனுஷன் இருக்கான். செத்துப்போயிட்டா?"

"அந்த மாதிரி ஆள் ஒருத்தன் குறைஞ்சா ஊருக்கு என்ன நஷ்டம்? அவன் என்ன உனக்கு மாமனா மச்சானா?"

திலோத்தமா போகாமல் நின்றாள். வெளியே போய் என்ன சொல்வது என்று கடைசியாகக் கேட்டாள்.

"பாவமில்லைன்னு சொல்லு. அது போதும்."

அவள் போனாள். முன்னறையில் திலோத்தமாவின் குரல் ஒரே ஒரு தரம் தணிவாகக் கேட்டது. சற்று நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும் நிதானமாக இறங்கிப் போயிற்று. ராவ் தலை நிமிரவில்லை. கதாநாயகி இலை போடும் இடத்துக்கு வந்திருந்தார். எழுத்து தானாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் இருப்பதே அபூர்வம். அன்று இருந்தார். கடைசி அத்தியாயம் அச்சுக்குப் போய்விட்டது, குப்தா தோளில் தட்டி அனுப்பியிருந்தார்.

அன்னபூர்ணா கூப்பிட்டு இலை போட்டாள். ஆவி பறக்கிற சோறு, மேலே நெய், ஓரத்தில் பச்சை வெங்காயம். துவையலைச் சோற்றில் அவளே பிசைந்து முதல் உருண்டையை எடுத்து வைத்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்ததோடு சரி. ராவுக்கு உள்ளூரக் கூச்சமாகக்கூட இருந்தது.

பாதி சோறு இறங்கிய பிறகுதான் தன் எதிரே இன்னொரு இலை இல்லை என்பதைக் கவனித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிடலியா? கோங்குரா என்ன இன்னைக்கு இவ்வளவு புளிப்பு?"

அன்னபூர்ணா கிண்ணத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்து இலையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. பாவமில்லைன்னு வகுளா தேவி அம்மாவே சொல்லிட்டாங்க."