வேண்டுமென்றே எழுதிய பிழை

தேயிலைக்குக் கார மண்தான் உகந்தது என்று ஜெசிந்தினி வெண்பலகையில் எழுதினாள்.

அது பிழை. தேயிலைக்கு வேண்டியது அமில மண். பதுளைக்கு விவசாயம் படிக்க வந்த முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. பாதிப் பேர் தேயிலைக்குள்ளேயே பிறந்தவர்கள்.

பேனையை மூடிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் கை தூக்கவில்லை.

கடைசி வரிசையில் பேராசிரியர் ஹாஷிம் உட்கார்ந்திருந்தார். வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து அவளுடைய வகுப்பைப் பார்வையிட வந்தவர். விரிவுரையாளரை மாணவர்கள் மறுத்துப் பேசப் பழக்குவதும், அப்படிப் பேசுகிறவர்களுக்குப் புள்ளி கொடுப்பதும் ஜெசிந்தினியின் முறை. அதை அடுத்த வருடமும் நடத்தலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அதற்காகவே வேண்டுமென்று பிழை விடுவாள் என்பதை அவள் விண்ணப்பத்தில் எழுதவில்லை. பிள்ளைகள் எழுந்து மறுப்பதை அவர் எதிர்பாராமல் பார்க்கட்டும் என்று நினைத்திருந்தாள்.

தொடக்கத்தில் இந்த வகுப்பில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த சுதர்ஷினி, பெயரைக் கேட்டால்கூட எழுந்து நின்று தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். படிப்புச் சொல்லித் தருகிறவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று தோட்டத்து லய வீடுகளில் சொல்லி வளர்த்திருந்தார்கள். சிங்களப் பிள்ளைகளின் வீடுகளிலும் அப்படித்தான்.

அதே சுதர்ஷினி போன வாரம் மண்ணரிப்பைப் பற்றி ஜெசிந்தினியோடு வாதாடினாள். பிழையே இல்லாத இடத்தில் பிழை என்று நின்றாள். வகுப்பு முடிந்த பிறகும் விடவில்லை. கடைசியில் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இன்று அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தினி கேள்விகள் இருக்கின்றனவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு சிங்களத்தில். பிறகு தமிழில்.

வெலிமடையிலிருந்து வந்த ஜீவன் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தான்.

ஜெசிந்தினி தான் எழுதிய வரிக்குக் கீழே கோடு போட்டாள். ஆகவே தேயிலைக்கு நிறையச் சுண்ணாம்பு போட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

வகுப்பு முழுவதும் அதையும் எழுதிக்கொண்டது.

நேரம் முடிந்ததும் பேராசிரியர் எழுந்து, எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு வெளியே போனார். கதவு மூடும்வரை ஜெசிந்தினி பொறுத்திருந்தாள்.

"உங்க எல்லாருக்கும் இன்னைக்கி என்ன வந்துச்சு?"

சுதர்ஷினி எழுந்தாள்.

"நீங்க வேணும்னுதான் எழுதுனீங்கன்னு எங்களுக்குத் தெரியும் மிஸ். அவருக்குத் தெரியாதே. வெளியாள் முன்னுக்கு நீங்க எழுதுனது பிழைன்னு நாங்க எப்பிடிச் சொல்றது? உங்களுக்குத்தானே வெக்கம்."

முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவரவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

ஜெசிந்தினிக்குக் கோபம் போய்விட்டது. கண்ணில் நீர் வரும் போலிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இருங்க. இத அப்படியே போய் அவர்கிட்ட சொல்றேன். இன்னொரு நாள் வந்து பாக்கச் சொல்றேன்" என்றாள்.

பேராசிரியர் படிக்கட்டை நெருங்கியிருந்தார். அவள் ஓடி வருவதைப் பார்த்து நின்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே குரலைத் தணித்துப் பேசத் தொடங்கினார்.

"அந்த மண் விஷயம்... பதற்றத்துல யாருக்கும் வர்றதுதான். நான் அத அறிக்கையில எழுத மாட்டேன், நீங்க யோசிக்க வேணாம். ஆனா ஜெசிந்தினி, இவ்வளவு பெரிய பிழையைக்கூட பிள்ளைகள் கண்டுக்கல்லையே. உங்கட இந்தப் படிப்பிக்கிற முறை இவங்களுக்குச் சரிவராது. இத்தோட விட்டுருவோம். என்ன?"

அவர் அன்பாகத்தான் சொன்னார்.

இல்லை சேர் என்று தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். பிள்ளைகள் சொன்னது அப்படியே மனதில் இருந்தது.

ஜெசிந்தினி அவரிடம் படித்தவள். முதலாம் வருடத்தில் அவருடைய மண்ணியல் வகுப்பில் உட்கார்ந்தவள். பட்டம் பெற்று வெளியேறும்வரை அவர் சொன்ன எதையும் அவள் ஒரு தடவையேனும் மறுத்ததில்லை.

"சரி சேர்" என்றாள். "ரொம்ப நன்றி சேர்."

பேராசிரியர் நாற்காலியில் விட்டுவிட்டு வந்த குடையோடு சுதர்ஷினி பின்னால் வந்து, பேச்சு முடியும்வரை காத்து நின்றிருந்தாள். இரண்டு கையாலும் அதை அவரிடம் நீட்டினாள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜெசிந்தினி சுதர்ஷினியைப் பார்க்கவில்லை. வகுப்புப் பக்கமும் திரும்பாமல் தன் அறையை நோக்கி நடந்தாள்.

வகுப்பில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"மிஸ் சொல்லிட்டாங்களா?" என்று ஜீவன் கேட்டான்.

"சொல்லிட்டாங்க" என்றாள் சுதர்ஷினி.