துண்டுக்கு அடியில்

அவள் கையை நீட்டிவிட்டாள்.

பிடிக்கத்தான் ஆள் இல்லை.

தரகர் பொங்கியண்ணன் துண்டும் கையுமாக நின்றார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. இருவர் கை மேலும் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு; எத்தனை விரலோ, அதுதான் விலை. இவளிடம் பேசுவதென்றால் இவள் கையைப் பிடிக்க வேண்டும். சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள்.

"ஊட்டுக்காரரக் கூப்புடுங்க அம்மிணி."

வீட்டுக்காரர் டீக்கடையில் இருந்தார். வேண்டுமென்றேதான் இருந்தார். தங்கமான மனுசன், விலை பேசத்தான் வராது. போன தடவை ஒரு உதைகாலிப் பசுவை அவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள். விரல் பேச்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான், போர்வைக்குள், விளையாட்டாக.

அவள் விளையாட்டாகக் கற்றுக்கொள்ளவில்லை.

எதிரே, பொங்கியண்ணன் விற்றுக்கொடுக்க வந்த செவலைப் பசு நின்றது. பார்த்த நிமிடமே அது தன் வீட்டு மாடு என்று முடிவு செய்துவிட்டாள்.

கை நீட்டியபடியே இருந்தது.

யாரோ இருமினார்கள்.

பொங்கியண்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் துண்டைப் போட்டார். கூச்சத்தில் ஒற்றை விரலை மட்டும் தொட்டார். அந்த விலைக்கு ஒரு கன்றுகூட வராது.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய மூன்று விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் முகம் மாறியது. ஆள் விவரமானவள்.

ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார். அவள் உதறினாள்.

நான்கு. அதையும் உதறினாள்.

துண்டுக்கு அடியில் வாங்க போங்க கிடையாது. அம்மிணி கிடையாது. குனிந்த தலையும் தாழ்ந்த குரலும் அங்கே செல்லாது. பிடிப்பதும் விடுவதும்தான். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் இல்லை, சந்தோஷம். எந்த ஆணிடமும் இவ்வளவு நேருக்கு நேர் அவள் பேசியதே இல்லை, வீட்டுக்காரரைத் தவிர.

பொங்கியண்ணனுக்கு வேர்த்துவிட்டது. அவள் அந்த மூன்றிலேயே நின்றாள். கடைசியில் பொறுமை போய், கையை உருவித் துண்டைத் தோளில் வீசினார்.

"உங்கூடப் பெரிய ரோதனையாப் போச்சு மாப்ள. கொஞ்சம் ஏறி வா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சேலையைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், அப்புறம் எங்கேயோ பார்த்தார். கை பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

இனி அவர் அவளைத் தொடமாட்டார். பசு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"துண்டப் போடு மாப்ள."

சிரிப்பு நின்றது.

பொங்கியண்ணன் தோளிலிருந்து துண்டை எடுத்தார்.