மூடி விழுந்த சத்தம்

காய் நறுக்குகிறவளின் கை பட்டு அண்டா மூடி தரையில் விழுகிறது. காதைப் பிளக்கும் சத்தம். உணவகச் சமையலறையே அப்படியே நிற்கிறது. அவள் முழங்கை தானாக உயர்ந்து முகத்தை மறைக்கிறது. தலைமைச் சமையல்காரர் இருந்தவரை, இந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே கரண்டி பறந்து வரும். ஒருமுறை அது அவள் புருவத்தைக் கிழித்தது. அதன்பின் வீட்டில் யாராவது கதவைச் சாத்தினாலே அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். இரவெல்லாம் தூக்கமில்லை, வேலைக்குக் கிளம்பினால் குமட்டும். கடைசியில் அவள்தான் முதலாளி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "ஆமாங்க, எங்களையும்தான்" என்று மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். நேற்றோடு அந்த ஆளுக்கு வேலை போயிற்று. மூடி கிறுகிறுவென்று சுழன்று ஓய்கிறது. எதுவும் பறந்து வரவில்லை. அடுப்பில் சூப் கொதிக்கிறது. ஜன்னல் வெயிலில் அதன் ஆவி நிதானமாக ஏறுகிறது. "கையை இறக்கும்மா. இனிமே யாரு வரப்போறா?" என்கிறார் பாத்திரம் கழுவுகிற பெரியவர். அவள் இறக்குகிறாள். குனிந்து மூடியை எடுக்கிறாள். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதைத் தலைக்குமேல் தூக்குகிறாள். "இன்னொரு தடவை போடட்டுமா?" "போடுக்கா!" மூடி விழுகிறது. சமையலறை அதிரச் சிரிக்கிறது. அவள் கண் இமைக்கவில்லை.